பேத்திக்கு அக்சாள் என்று பெயர் வைத்தாயிற்று

கடவுள் கிருபை.
யெரூகாம்,
ஷெபாத் மாதம் 12, ஞாயிற்றுக்கிழமை, 1998.

அன்புத் தம்பி லேயிபுவுக்கு அண்ணன் எல்யாகிம் எழுதுவது. நீயும் கிசேலாவும் நூற்றிருபது வயது வரை சொந்தப் பல்லோடும் சொந்தக் கண்ணோடும் இருக்க வேண்டும். உன் இருமல் நின்றதா? கிசேலாவின் கணுக்கால் வீக்கம் வடிந்ததா? இங்கே நானும் புரூரியாவும் நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை, ஆனால் அதற்கு ஒதுக்க இன்று என்னிடம் ஒரு வரிகூட இல்லை.

ஜெயித்துவிட்டேன், தம்பி. முப்பது வருடம் கழித்து ஜெயித்துவிட்டேன். போன ஞாயிறு என் மகள் எப்ராத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது என்று தொலைபேசியில் சொன்னேன் அல்லவா, அந்தக் குழந்தைக்கு நேற்று ஜெப ஆலயத்தில், தோராச் சுருளின் முன்னால், ஊரே கேட்க, அக்சாள் என்று பெயர் வைத்தாகிவிட்டது. நம்பாவிட்டால் மறுபடி படி. அக்சாள்.

1968-இல் எப்ராத் பிறந்தபோது இதே பெயரை நான் எழுதி அனுப்பினேன். நீ நகாரியாவிலிருந்து, "இது பெயரா, இருமல் மருந்தா?" என்று பதில் போட்டாய். மருந்துக்கடைக்காரனுக்கு அப்படித்தான் தோன்றும் என்று மன்னித்தேன். ஆனால் உன் கடிதத்தைப் பார்த்ததும் புரூரியாவுக்குத் தைரியம் வந்துவிட்டது, அவள் அம்மா அவள் பக்கம், நம் அம்மாவும் அவள் பக்கம், நான் ஒருவன் ஒரு பக்கம். தோற்றேன். எப்ராத் என்று வைத்தார்கள். காலேபின் மனைவிக்கும் அந்தப் பெயர் உண்டு, போகட்டும், காலேபின் மகள் அக்சாளின் பெயர் கிடைக்காவிட்டாலும் அதே வீட்டுப் பெயர்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். தேறவில்லை. முப்பத்தெட்டு வருடம் வேதப் பாடம் நடத்தியவன் நான். என் வருகைப் பதிவேட்டில் பதினொரு மீகாள் இருந்தார்கள், ஒன்பது தெபோராள் இருந்தார்கள், ஒரே வகுப்பில் நான்கு ரூத் உட்கார்ந்து ஒருத்தியைக் கூப்பிட்டால் நால்வரும் எழுந்து நின்றார்கள். ஒரு அக்சாள்கூட வரவில்லை. யோசுவாவின் புத்தகத்தில் ஒருமுறை, நியாயாதிபதிகளில் கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில் இன்னொருமுறை, நாளாகமத்தில் போகிற போக்கில் அரை வரி. ஒரு பெண்ணின் கதையை வேதம் இரண்டு தடவை சொல்கிறது என்றால் முதல் தடவை நாம் கவனிக்கவில்லை என்றுதானே பொருள்? நானும் வகுப்பில் அப்படித்தான் செய்வேன், ஒரு விஷயத்தை இரண்டாம் தடவை சொன்னால் அது பரீட்சைக்கு வரும் என்று பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள்.

சரி, இந்த வாரம் நடந்ததைச் சொல்கிறேன். திங்கட்கிழமை மத்தியானம் எப்ராத்தையும் குழந்தையையும் பேர்ஷேபா ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். வந்து அரைமணி நேரம் ஆகியிருக்காது, சம்பந்தியம்மா யாகூத் மூன்று பாத்திரத்தோடு வந்து இறங்கினார். மாப்பிள்ளை நிசிமின் அம்மா, உனக்குத் தெரியும், கல்யாணத்தில் உன்னை நாற்காலியோடு தூக்கச் சொன்னவர். பாத்திரங்களை அடுப்பில் வைத்தார், குழந்தையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார், நேராக விஷயத்துக்கு வந்தார்.

"வாத்தியாரே, மூத்த மகனுக்கு மூத்த பொண்ணு. அது என் பங்கு. யாகூத்னு வைக்கிறோம். மாணிக்கக் கல்லுன்னு அர்த்தம், உங்களுக்குத் தெரியாததா?"

இந்த இடத்தில்தான் நான் ஒரு தப்பு செய்தேன், தம்பி. நம் ருமேனியாக்காரர்கள் எவரும் செய்திருக்கக்கூடிய தப்பு. நாம் இறந்தவர் பெயரைத்தான் பிள்ளைக்கு வைப்போம், உயிரோடிருப்பவர் பெயரை வைத்தால் அவர் ஆயுளுக்கு ஆகாது என்று பயம். மொராக்கோவிலிருந்து வந்தவர்களுக்கோ உயிரோடிருக்கும் பாட்டியின் பெயரை வைப்பதுதான் மரியாதை, வைக்காவிட்டால் அவமானம். இதை நானே வகுப்பில் பாடமாக நடத்தியிருக்கிறேன், கரும்பலகையில் இரண்டு பத்தியாகக் கோடு போட்டு. ஆனால் அந்த நிமிஷம் என் வாயிலிருந்து வந்தது அப்பாவின் வீட்டுப் பழக்கம்.

"ஐயையோ, வாயைக் கழுவுங்க சம்பந்தி! கடவுள் காப்பாத்தட்டும்!"

அவர் கை குழந்தையின் மேல் அப்படியே நின்றது. "என் பேரைச் சொன்னதுக்கா வாயைக் கழுவணும்?"

"இல்ல, இல்ல, நீங்க இன்னும் நல்லாத்தானே இருக்கீங்க..."

"நல்லா இருக்கேன், அதனாலதான் கேக்குறேன். செத்த பிறகு வந்து கேக்கவா முடியும்?"

நான் விளக்கம் சொல்வதற்குள் புரூரியா சமையலறையிலிருந்து வந்து உதவி செய்தாள். அவள் உதவி எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். "எங்க பக்கத்துல ஒரு நம்பிக்கை சம்பந்தி, ஒரே வீட்டுல ஒரே பேர் ரெண்டு இருந்தா மரண தூதன் குழம்பிப் போய் ஆள் மாத்திக் கூட்டிட்டுப் போயிடுவான்."

"ஏன், மரண தூதன் என்ன புதுத் தபால்காரனா? எங்க வீட்டுல ஒரே சமயத்துல எட்டு யாகூத் இருந்தோம். ஒருத்தரைக்கூட மாத்திக் கூட்டிட்டுப் போகல. சரி, நீங்க என்ன பேர் வச்சிருக்கீங்க?"

"எங்க அம்மா பேர். ஸ்லாட்டா. தங்கம்னு அர்த்தம். அவங்க போய் பத்து வருஷம் ஆச்சு, இன்னும் ஒரு குழந்தைக்கும் அந்தப் பேர் விழல."

"நேத்துப் பிறந்த பிஞ்சுக்கு செத்தவங்க பேரா?" என்று யாகூத் குழந்தையைச் சட்டென்று இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "அது மட்டும் நல்லா இருக்கோ? அதோட ஸ்லாட்டாவாம் ஸ்லாட்டா. வெள்ளரிக்காயும் தக்காளியும் நறுக்கிப் போட்ட சாலட் மாதிரி இருக்கு."

அவ்வளவுதான். புரூரியா முகம் பீட்ரூட் ஆனது. யாகூத் குழந்தைக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து எப்ராத்திடம் ஒப்படைத்துவிட்டு, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த மூன்று பாத்திரத்தையும் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு, கொதிக்கக் கொதிக்கத் தெருவில் நடந்து போய்விட்டார். ஆட்டுக்கறி வாசனை மட்டும் செவ்வாய்க்கிழமை வரை எங்கள் வீட்டில் இருந்தது.

இதற்கு நடுவில் நான் என் பெயரை எப்போது சொல்வது? ஆனால் விட முடியுமா? எனக்கு அறுபத்தாறு வயது. இன்னொரு பேத்திக்கு நான் இருப்பேனா, அப்படியே பிறந்தாலும் பெயர் சொல்ல என்னை விடுவார்களா? சனிக்கிழமை நிசிமைத் தோராச் சுருளின் முன் அழைத்து, ஆலயக் காரியம் பார்க்கும் அம்ராம் பெயரைச் சொல்லி ஆசீர்வதித்துவிட்டால் முடிந்தது, அதற்கு மேல் யாரும் மாற்ற முடியாது. அதனால் மாப்பிள்ளையைத் தனியாகப் பிடித்தேன். நிசிம் ஊரின் தண்ணீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்பவன், அழுத்தம் எங்கே கூடினாலும் ஒரு திருகு திருகிக் குறைத்துவிடுவான், மனிதர்களிடமும் அதே முறைதான். "மாமா, நீங்க சொன்னா சரி," என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. புதன்கிழமைதான் தெரிந்தது, அவன் திங்கட்கிழமை சாயங்காலம் தன் அம்மாவிடமும் "சரிம்மா" என்று சொல்லியிருக்கிறான், செவ்வாய்க்கிழமை புரூரியாவிடமும் "சரி அத்தை" என்று சொல்லியிருக்கிறான். அதோடு விட்டார்களா? யாகூத் தன் பெயரை ஒரு சீட்டில் எழுதி அம்ராமிடம் கொடுத்திருக்கிறார். புரூரியா தன் அம்மாவின் பெயரை ஒரு சீட்டில் எழுதி அதே அம்ராமிடம் கொடுத்திருக்கிறாள். நான் கொடுக்கவில்லை. ஆசிரியன் சீட்டுக் கொடுக்கமாட்டான், பிடுங்கித்தான் பழக்கம்.

புதன்கிழமை மத்தியானம் புரூரியாவிடம் மெதுவாகப் பேச்செடுத்தேன். முப்பது வருடத்தில் மனசு மாறியிருக்கலாம் அல்லவா? அக்சாள் என்றால் கொலுசு, புரூரியா, எருசலேம் பெண்களின் நகைகளை ஏசாயா வரிசையாகத் திட்டும் இடத்தில் முதலாவது திட்டு வாங்குகிற நகையே அதுதான், பெண் நடந்தால் அவளுக்கு முன்னால் அவள் சத்தம் நடக்கும், என்றேன். அவள் கொஞ்சம் கேட்கிற மாதிரி இருந்தாள். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். என் கெட்ட பழக்கம், இன்னொரு உதாரணம் சொன்னால்தான் பாடம் நிற்கும் என்று தோன்றும். பழைய ஞானிகள் சொன்னதையும் சொன்னேன். அக்சாள் அவ்வளவு அழகியாம், அவளைப் பார்த்த ஆண்பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போய்த் தங்கள் மனைவி மேல் எரிந்து விழுந்தார்களாம்.

"அதனாலதான் முப்பது வருஷமா அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லி என் மேல எரிஞ்சு விழுறியா எல்யாகிம்?" என்றாள். "இன்னும் ஒண்ணு கேட்டுக்கோ. பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க அவளை என்னன்னு கூப்பிடும்? எபிரேயத்துல ச்சீன்னு முகம் சுளிக்கிற சொல்லுக்குப் பக்கத்து வீடு அந்தப் பேர்."

பிள்ளைகள் எந்தப் பெயரையும் விடமாட்டார்கள் என்பதற்கு என்னிடம் நாற்பது உதாரணம் இருந்தது. கேட்க ஆள் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

வியாழக்கிழமைக்குள் எங்கள் வீடு கெட்டுவிட்டது. யாகூத் வீட்டிலிருந்து சாப்பாடு வரவில்லை, நிசிம் காய்ந்த ரொட்டியில் பாலாடைக்கட்டி தடவி நின்றபடியே சாப்பிட்டான், எப்ராத் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு குழந்தையோடு தூங்கினாள். தப்பை ஆரம்பித்தவன் நான்தான், வாயைக் கழுவச் சொன்னவன் நான்தான். மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்றேன். தனியாகப் போனால் இன்னும் ஏதாவது விளக்குவாய் என்று புரூரியாவும் கிளம்பினாள், கசகசா கேக்கோடு.

யாகூத் கதவைத் திறந்தார், கேக்கைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், "உள்ள வாங்க, வாசல்ல நின்னா தெருவே வேடிக்கை பாக்கும்," என்றார். புதினாத் தேநீர் கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தேநீரைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"வாத்தியாரே, பேர் ஆசையில கேக்கலை. இந்த ஊருக்கு ஐம்பத்தஞ்சுல வந்தேன், பத்தொன்பது வயசு. கப்பல்ல இருந்து இறங்கின உடனே ஒரு லாரியில ஏத்தினாங்க, நகரத்துக்குக் கூட்டிட்டுப் போறோம்னாங்க. மத்தியான வெயில்ல வண்டி நின்னுது. பாத்தா மணல். மணலுக்குப் பக்கத்துல மணல். எல்லாரும் அழுதாங்க, நான் அழல. இறங்க மாட்டேன்னு உக்காந்துட்டேன். டிரைவர் கெஞ்சுறான், புருஷன் கெஞ்சுறான். தண்ணி எங்கன்னு சொல்லு, அப்பதான் இறங்குவேன்னேன். ஒரு குழாய் இருக்குன்னான். கண்ணுல காட்டுன்னேன். காட்டினான், இறங்கினேன். அதான் இந்த ஊர்ல நான் பண்ணின மொத வேலை. இதையெல்லாம் யார் ஞாபகம் வச்சுக்கப் போறாங்க? ஒரு பொண்ணு என் பேரோட நடந்தா கேக்குறவங்களுக்குச் சொல்வாளேன்னு நெனச்சேன்."

லேயிபு, முப்பத்தெட்டு வருடம் அக்சாளின் பாடத்தை நடத்தியிருக்கிறேன், அது எதிரில் உட்கார்ந்து தேநீர் ஊற்றும் என்று நினைக்கவில்லை. வாயைத் திறக்கப் போனேன். புரூரியா என் காலை மிதித்தாள். அதற்குள் யாகூத் தொடர்ந்தார்.

"குழாய் இருந்துச்சு, தண்ணி எங்க கிடைச்சுது? நாப்பது வாளி வரிசையில நிக்குது, எல்லாத்துக்கும் முன்னால ஒருத்தி. தங்கப்பல்லு வச்ச ருமேனியாக்காரி. மத்தவங்க ஒரு வாளி பிடிச்சா அவ மூணு பிடிப்பா. மூணு மாசம் சண்டை. ஒரு நாள் நான் அவ வாளியைத் தள்ளி விட்டேன், அவ அந்த வாளியாலயே..." என்று சட்டைக் கையை ஏற்றினார். மணிக்கட்டுக்கு மேலே வெள்ளையாக ஒரு தழும்பு, வாளிப் பிடியின் வளைவிலேயே இருந்தது. "அவ பேர்கூட எனக்குத் தெரியாது. தங்கப்பல்லுன்னுதான் கூப்பிடுவோம். அடுத்த வருஷமே மகனோட வேற ஊருக்குப் போயிட்டா. போனதும் எனக்குப் பொழுதே போகல."

புரூரியாவைப் பார்த்தேன். அவள் கேக் வெட்டிய கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"மேல்பல்லா, கீழ்ப்பல்லா?" என்று கேட்டாள்.

"மேல்பல்லு. இடது பக்கம்."

"அது எங்க அம்மா."

அந்த வருடம் நான் பயிற்சிக்காக எருசலேமில், புரூரியா தாதிப் படிப்புக்காகப் பேர்ஷேபாவில், இந்தக் குழாய்ச் சண்டையை நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. போச்சு, இனி இரண்டு குடும்பமும் ஒரே ஜெப ஆலயத்தில்கூட நிற்காது என்று நினைத்தேன். ஆனால் புரூரியா மெதுவாகச் சொன்னாள், "அம்மா கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருப்பாங்க. மொராக்கோவில இருந்து வந்த ஒரு பொண்ணு, லாரியில இருந்தே இறங்க மாட்டேன்னு உக்காந்திருந்தாளாம். இறங்கின அன்னிக்கே என்னை எதிர்த்து நின்னா, இந்த ஊர்ல என்னை எதிர்த்து நின்ன ஒரே ஆம்பளை அவதான்னு சொல்வாங்க."

"அப்படியா சொன்னா?" என்றார் யாகூத். முகமே மாறிவிட்டது. "ஒரே ஆம்பளைன்னா?"

"அப்படித்தான். உங்க சண்டை தாங்க முடியாமத்தானே ஆபீஸ்காரன் வந்து ரெண்டாவது குழாய் போட்டான்."

"ஆமா! உங்கம்மாவுக்கு மேல் வரிசையில ஒண்ணு, எனக்குக் கீழ் வரிசையில ஒண்ணு. மேல்குழாய், கீழ்குழாய். இன்னிக்கும் கிழவங்க அந்த இடத்தை அப்படித்தானே சொல்றாங்க!"

இதற்கு மேல் நான் எப்படிச் சும்மா இருப்பேன்? புரூரியா என் இரண்டு காலையும் மிதித்தாலும் நின்றிருக்கமாட்டேன். எழுந்துவிட்டேன், முழங்காலே தெரியவில்லை. யோசுவா, பதினைந்தாம் அதிகாரம் என்று ஆரம்பித்து வகுப்பில் சொல்வதுபோல் சொன்னேன். காலேப் என்று ஒரு தலைவன் இருந்தான். தெபீர் ஊரைப் பிடிக்கிறவனுக்கு மகளைக் கொடுப்பேன் என்றான். ஒத்னியேல் பிடித்தான். மகளுக்குச் சீராகக் கிடைத்தது இந்த நம் நெகேவ் பக்கத்துக் காய்ந்த நிலம். அவள் கழுதையில் ஏறி அப்பாவிடம் வந்தாள், இறங்கினாள். என்ன வேண்டும் என்றான் அப்பா. "எனக்கு ஓர் ஆசீர்வாதம் தா. வறண்ட நிலத்தைக் கொடுத்துவிட்டாய், தண்ணீர் ஊற்றுகளையும் கொடு," என்றாள். அவன் அவளுக்கு மேல் ஊற்றுகளையும் கொடுத்தான், கீழ் ஊற்றுகளையும் கொடுத்தான். இத்தனை மன்னர்களும் யுத்தங்களும் நிறைந்த புத்தகத்தில் இவள் தண்ணீர் கேட்டு வாங்கினாள் என்பது மட்டும் இரண்டு தடவை எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அவள் பெயர் அக்சாள்.

யாகூத் யோசித்தார்.

"அவ கேட்ட உடனே இறங்கிட்டாளா?"

"இல்ல, இறங்கின பிறகுதான் கேட்டா."

"நான் இறங்காமலே கேட்டேன். அப்ப நான் அவளை விட ஒரு படி மேல." திருப்தியாகத் தலையாட்டினார். "வைங்க. அந்தப் பேரையே வைங்க. அதைச் சொல்ற போதெல்லாம் என் கதையும் சேர்த்துச் சொல்லணும், அது நிபந்தனை."

புரூரியா மெதுவாக, "எங்க அம்மா பேர்?" என்றாள்.

யாகூத் மறுபடி சட்டைக் கையை ஏற்றி நீட்டினார். "இந்தா பாரு. உங்கம்மா பேரை நாப்பத்தி மூணு வருஷமா நான் சுமந்துட்டிருக்கேன். இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு? குழந்தையையாவது சும்மா விடு."

புரூரியா சிரிக்க ஆரம்பித்தாள், பிறகு அழுதாள், பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தாள். யாகூத் அவளுக்கு மூன்று துண்டு கேக் வெட்டி வைத்து, கசகசா பல்லில் ஒட்டும் என்று குறையும் சொன்னார். அன்று மாலையே பாத்திரங்கள் திரும்பி வந்தன.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தாயா? நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்று பேரும் சமாதானமான சந்தோஷத்தில் அம்ராமிடம் சொல்ல மூன்று பேருமே மறந்துபோனோம்.

நேற்று ஜெப ஆலயத்தில் நிற்க இடமில்லை. அந்த வாரப் பகுதியே வனாந்தரத்தில் ஜனங்கள் தண்ணீர் கேட்டுக் கூச்சல் போடும் பகுதி, பார்த்துக்கொள். நிசிமை அழைத்தார்கள், அவன் போய் நின்றான், ஆசீர்வாதம் முடிந்தது. அம்ராம் என் பழைய மாணவன், இப்போது அவனுக்கே வழுக்கை. ஓய்வுநாளில் பேனா தொடக்கூடாது என்று வெள்ளிக்கிழமைக்குள் எல்லாச் சீட்டையும் ஜெபப் புத்தகத்தில் வரிசையாக வைத்திருப்பான். புத்தகத்தைத் திறந்து கணீரென்று ஆரம்பித்தான்: "இஸ்ரவேலில் இவள் பெயர் அழைக்கப்படுவதாக..." சீட்டை எடுத்தான். "யா..." அதனடியில் இன்னொரு சீட்டு. "ஸ்லா..." நிறுத்தினான். நிசிமைப் பார்த்தான். நிசிம், "சரி," என்றான்.

மேலே பெண்கள் மாடத்திலிருந்து யாகூத்தின் குரல் வந்தது. "டேய் அம்ராம்! அது பழைய சீட்டுடா! கிழிச்சுப் போடு!"

"கிழிக்கக் கூடாது அத்தை, இன்னிக்கு ஓய்வுநாள்!"

"அப்ப முழுங்கு!"

ஆலயம் முழுக்கச் சிரிப்பு. அம்ராம் இரண்டு சீட்டையும் கையில் வைத்துக்கொண்டு வியர்த்துப்போய், "என்ன பேர்தான் சொல்லணும்?" என்றான். மாடத்திலிருந்து இரண்டு குரல் ஒன்றாக வந்தது, யாகூத்தும் புரூரியாவும், "அக்சாள்!"

"அப்படி ஒரு பேரா? இருபது வருஷமா பேர் சொல்றேன், கேட்டதில்லையே. சார், இது வேதத்துல இருக்கா?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. இதற்குத்தான் முப்பது வருடம் காத்திருந்தேன், தம்பி. நான் மெதுவாக எழுந்தேன். "யோசுவா, பதினைந்து. பதினாறாவது வசனத்திலிருந்து படி அம்ராம்."

"சார், யோசுவாவுலதான் நீங்க என்னை ஃபெயில் போட்டீங்க."

"அதனாலதான் உன்னைப் படிக்கச் சொல்றேன்."

அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார்கள். படித்தான், தடுமாறாமல் படித்தான். "மேல் ஊற்றுகளையும் கீழ் ஊற்றுகளையும் அவளுக்குக் கொடுத்தான்" என்ற இடம் வந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர், "அட, நம்ம மேல்குழாய் கீழ்குழாய்!" என்று கத்தினார், அங்கிருந்த வயசாளிகள் பாதிப் பேருக்கு அந்த வாளி வரிசை ஞாபகம் வந்துவிட்டது, யார் யார் எந்தக் குழாயில் நின்றோம் என்று அங்கேயே பேசிக்கொண்டார்கள். அம்ராம் மேசையைத் தட்டி அமைதியாக்கி, முழுப் பெயரையும் சொன்னான்: அக்சாள், நிசிமின் மகள். பெண்கள் குலவையிட்டார்கள், மிட்டாய் மழை பொழிந்தது, ஒன்று என் மூக்குக்கண்ணாடியில் பட்டு இடது கண்ணாடியில் கீறல் விழுந்துவிட்டது. அதை மாற்றப்போவதில்லை. அந்தக் கீறல் வழியாகத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன், உலகம் நன்றாகத் தெரிகிறது.

ஆக, தம்பி, ஒரு நல்ல பெயர் பொறுமையாகக் காத்திருந்தால் அதற்குரிய குழந்தை வந்து சேரும், அதற்குரிய ஆசிரியரும் கொஞ்சம் வேண்டும். இருமல் மருந்து என்று சொன்னதற்காக நீ மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, கேட்டால் மறுக்கமாட்டேன். மரங்களின் புத்தாண்டுக்கு உலர்ந்த அத்தியும் பேரீச்சையும் தனியே அனுப்புகிறேன், கிசேலாவுக்குச் சர்க்கரை கூடுமே என்று பேரீச்சை குறைவாக வைத்திருக்கிறேன். உங்கள் இருவருக்கும் சுகமும் சமாதானமும் நிறைந்த வருடங்களும் கிடைக்கட்டும். பேத்தியும் பாட்டிமார் இருவரும் உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள்.

என்றும் அன்புள்ள, வெற்றி பெற்ற அண்ணன்,
எல்யாகிம்

பின்குறிப்பு: உறையில் முகவரி எழுத எப்ராத்திடம் கொடுத்தேன். என் கையெழுத்து தபால்காரருக்குப் புரிவதில்லை. அவள் முகவரி எழுதுவதற்கு முன்னால் கடிதம் முழுவதையும் படித்துவிட்டு, குழந்தை விழித்துவிடும் அளவுக்குச் சிரித்தாள். பிறகு அலமாரியிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினாள். ஆஸ்பத்திரியிலேயே பிறப்பைப் பதிவு செய்த தாள். போன திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி. பாத்திரங்கள் வருவதற்கு முன்னால், நான் வாயைக் கழுவச் சொல்வதற்கு முன்னால். பெயர் என்ற கட்டத்தில் அவள் கையெழுத்தில் அக்சாள் என்று இருக்கிறது. கீழே நிசிமும் கையெழுத்துப் போட்டிருக்கிறான். ஆக அவன் சரி சொன்னது மூன்று பேருக்கு அல்ல, நான்கு பேருக்கு.

"ஏம்மா சொல்லல?" என்றேன்.

"சொல்லியிருந்தா ரெண்டு அம்மாவும் ஒண்ணு சேர்ந்து என் மேல பாஞ்சிருப்பாங்க அப்பா. நீங்க நடுவுல நின்னீங்க, அவங்க ஒருத்தரோட ஒருத்தர் சண்டை போட்டாங்க. நான் அஞ்சு நாள் நிம்மதியா தூங்கினேன்."

"இந்தப் பேர் உனக்கு எப்படித் தோணுச்சு?"

"எனக்குன்னு எடுத்து வச்ச பேர் அப்பா. எனக்கு வைக்காம விட்டுட்டீங்க. என்னோடதை எடுத்து என் பொண்ணுக்குக் குடுத்தேன், அவ்வளவுதான்."

லேயிபு, மேலே இருக்கிற இத்தனை பக்கத்தையும் திருப்பி எழுத என் முழங்கால் இடம் கொடுக்காது. உன் சதுரங்க நண்பர்களுக்குப் படித்துக் காட்டுவதாக இருந்தால் பின்குறிப்புக்கு முன்னால், என் கையெழுத்தோடு நிறுத்திக்கொள்.